பொதுக்குழுவின் முன் வைக்கப்படும் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வருகை தந்துள்ள உறுப்பினர்களே,

வேலூர் மாவட்டத்தில் உள்ள நம் ஊர் ஏரியின் மீன்வளத்தையும் நீரின் தன்மையையும் கண்காணித்து வரும் நம் சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை இந்த அவையின் முன் வைக்கிறேன். வராத உறுப்பினர்களுக்கு இதன் படி வீட்டுக்கே அனுப்பப்படும்.

செயற்குழு உரிய காலங்களில் கூடியது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் மண்டியிருந்த சீமைக்கருவேல முட்கள் அகற்றப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளுக்கு நாட்டு மீன் இனங்களைக் காட்டி விளக்கினோம். பொங்கல் விருந்து நடத்தப்படவில்லை. அதற்கான தொகை நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் சோதிக்கும் பெட்டிக்குச் செலவிடப்பட்டது. இது செயற்குழுவின் தீர்மானப்படியே நடந்தது என்பதை, விருந்தைப் பற்றி மட்டும் விசாரிக்கும் நண்பர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மீனை எண்ணுவதற்கு ஒரு சங்கமா என்று டீக்கடையில் பேசிக்கொள்வதாக அறிகிறேன். ரோகு, கட்லா, மிர்கால் ஆகியவை மழைக்கால வெள்ளத்தில், ஓடும் நீரில் முட்டையிடுபவை. தேங்கிய ஏரியில் அவை பெருகுவதில்லை. ஆண்டுதோறும் விடப்படும் குஞ்சுகளே பிறகு வலையில் ஏறுகின்றன. ஆகவே மீன் ஏலத்தொகை உயர்ந்ததைக் கொண்டு ஏரி நலமாக இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. விரால், குரவை, தேளி, கெளுத்தி, ஆரல், அயிரை முதலியன இங்கேயே பிறந்து இங்கேயே வளர்பவை. ஏரியின் நிலையை அறிய இவற்றைத்தான் எண்ண வேண்டும். இவற்றுள் விரால், குரவை, தேளி மூன்றும் நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கவும் வல்லவை; எனவே வலையில் இவை மட்டும் மிஞ்சி, சிறு கெண்டைகள் குறைந்துகொண்டே போனால், நீரில் ஆக்சிஜன் குறைகிறதோ என்று முதலில் ஐயுற வேண்டும்.

இதற்காகவே மீன் பதிவேட்டைத் தொடங்கினேன். ஒரே அளவு கண்ணியுள்ள வலையை, ஒரே இடத்தில், ஒரே கால அளவுக்குப் போட்டு, கிடைத்த மீன்களை இனவாரியாக எண்ணி, நீளமும் எடையும் குறித்து, உயிருள்ளவற்றை மீண்டும் ஏரியிலேயே விடுகிறோம். எத்தனை வலை, எவ்வளவு நேரம் என்று சொல்லாமல் பத்துக் கிலோ பிடித்தேன் என்பது கணக்காகாது. நீரின் தெளிவை அளக்க, 20 செ.மீ. விட்டமுள்ள தகரத் தட்டில் கறுப்பும் வெள்ளையும் பூசிக் கயிற்றில் இறக்குகிறோம். அது கண்ணுக்கு மறையும் ஆழமே அளவு. இந்தத் தட்டுக்கு ஆன செலவு சொற்பம்.

இந்த இடத்தில் ஒரு மனக்குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரவில் பாசி ஆக்சிஜனை வெளியிடுவதில்லை. மீனும் பாசியும் அடிச்சேறும் சேர்ந்து அதைச் செலவழிப்பதால், விடியும் முன்புதான் அளவு மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 3க்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் தத்தளிக்கத் தொடங்கும். வெயில் ஏறிய பிறகு வந்து அளந்தால் பாசி மிகுந்த ஏரியிலும் அளவு நன்றாகவே தெரியும். எட்டு மணிக்குச் சிற்றுண்டி முடித்து வந்து நிழற்படம் எடுத்துக்கொண்டு திரும்பும் உறுப்பினர்கள், தாங்கள் எழுதிவைத்த எண்களை நான் ஏன் பதிவேட்டில் ஏற்றவில்லை என்று கேட்பதற்கு இதுவே விடை. முறை போட்டுக் கொடுத்தும் ஆள் வராததால் கோடைப் பக்கங்கள் பல வெறுமையாக உள்ளன. நீர் வற்றும் அந்த மாதங்களின் பதிவுதான் நமக்கு மிகவும் தேவைப்பட்டது.

ஏரி நிரம்பிக் கோடி போன, அதாவது உபரி நீர் வழிந்தோடிய பிறகு, மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் வலையில் சிக்கியது. எந்தக் குட்டையிலிருந்து வந்தது என்பது ஊரறிந்ததே. இங்கே பெயர் சொல்வது முறையன்று. 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி கெண்டை முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே காத்து வளர்ப்பதால், மற்ற இனங்களின் இடத்தை எளிதில் பிடித்துக்கொள்கிறது. விரால் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மிதக்கும் காலத்தில் காவல் நிற்கும் தாய் தந்தை மீன்களைத் தூண்டிலிட்டுப் பிடித்தால் குஞ்சுகளும் மற்ற மீன்களுக்கு இரையாகும் என்பதைக் குத்தகைதாரரிடம் எடுத்துச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார்.

வரவு செலவுக் கணக்கு பொருளாளரிடம் உள்ளது, வேண்டியவர்கள் பார்க்கலாம். சந்தா பாக்கி, கையிருப்பைவிடக் கணிசமாக அதிகம் என்பதைச் சொன்னால் போதும். படகு தந்துதவிய மீனவர்களுக்கும், கூட்டத்துக்கு இடமளித்த தலைமையாசிரியர் அவர்களுக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டைப் பொறுத்தவரை, சோதனைப் பெட்டியின் மருந்துகள் கார்த்திகைக்குள் தீர்ந்துவிடும். புதிய செயலாளரைத் தேர்ந்தெடுக்க அவை விரும்பினால் எனக்கு வருத்தமில்லை. அவர் நீச்சல் தெரிந்தவராகவும், கோழி கூவும் முன் எழுபவராகவும் இருத்தல் நலம். அதுவரை பதிவேடும் வலையும் என் வீட்டில் இருக்கும். ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு மதகடியில் வேலை தொடங்கும். சந்தாவை அங்கேயும் செலுத்தலாம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்