மறுப்புக் கடிதமும் அதிகாரியின் குறிப்பும்

ஸ்காபரோ, கனடா,
ஞாயிறு இரவு

அன்புச் சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் படிப்பு விசா மறுத்துவிட்டார்கள் என்பதை வாசித்து மனம் சரியில்லாமல் போய்விட்டது. பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தாய். நீயும் சாப்பிட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும்.

"எங்கட பெயரையும் நாட்டையும் பார்த்தே தள்ளிவிடுகிறார்களா?" என்று கேட்டிருந்தாய். அவள் கோப்பைப் பார்த்தவர் மனதில் என்ன இருந்தது என்று மறுப்புக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. படிப்பு முடிந்ததும் நாட்டை விட்டுப் போவீர்கள் என்று நம்பவில்லை என்ற அந்த வரி எத்தனையோ பேருக்கு அதே சொற்களில் வருகிறது. ஆனால் முடிவெடுத்த அதிகாரி கணினியில் ஒரு குறிப்பு எழுதியிருப்பார். இங்கே எல்லோரும் அதை 'ஜிசிஎம்எஸ் நோட்ஸ்' என்பார்கள். அதைக் கேட்டு வாங்கலாம். முதலில் அதைச் செய்வோம்.

அந்தக் குறிப்பில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு பழைய வழக்கு காரணம். பேக்கர் வழக்கு என்பார்கள். ஜமைக்காவிலிருந்து 1981இல் வந்த ஒரு பெண் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்து இங்கே வாழ்ந்தார். நான்கு பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள். பிறகு மனநோய் வந்தது, நாடு கடத்தும் உத்தரவும் வந்தது. மனிதாபிமான அடிப்படையில் இருக்க விடுங்கள் என்று விண்ணப்பித்தார். காரணம் எதுவும் சொல்லாமல் மறுத்தார்கள். அவருடைய லோயர் காரணம் கேட்டபோதுதான் கீழ்நிலை அதிகாரியின் குறிப்பு வெளியே வந்தது. வீட்டு வேலை தவிர வேறு தகுதி இல்லாதவர், ஜமைக்காவில் நாலு பிள்ளை, இங்கே நாலு பிள்ளை என்று அதில் இருந்தது. பிள்ளைகளின் கணக்கைப் பெரிய எழுத்துகளில் எழுதியிருந்தார். கோபத்தோடு எழுதியது என்று யாருக்கும் விளங்கும்.

1999 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளிவிட்டது. விஷயம் தெரிந்த ஒரு சாதாரண மனிதர் இதை வாசித்தால், பக்கச்சார்பு இல்லாமல் எடுத்த முடிவு என்று நினைப்பாரா என்பதுதான் நீதிமன்றம் வைத்த அளவுகோல். நினைக்கமாட்டார் என்றது. பிள்ளைகளின் நலனை அதிகாரி கவனமாகப் பார்த்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் குறிப்பை யாரும் கேட்காமல் விட்டிருந்தால் அந்தக் குடும்பம் பிரிந்திருக்கும். அதிகாரி நல்லவரா கெட்டவரா என்று நாம் அடித்துக்கொள்வதில் பயனில்லை என்று இதனால்தான் சொல்கிறேன். அவர் தன் காரணத்தை எழுத வேண்டும், அதை இன்னொருவர் வாசிக்க முடிய வேண்டும்.

நான் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பது உனக்குத் தெரியும். யாருடைய கேஸையும் வெளியே சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். பொதுவாக ஒன்று மட்டும் சொல்கிறேன். படிவத்தில் 'சகோதரர் இல்லை' என்று இருக்கும். விசாரணையில் "அண்ணாவை ஆமி பிடித்துக்கொண்டு போனது" என்று வரும். பெரியம்மாவின் மகனும் நமக்கு அண்ணாதானே! சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் அடைக்க வேண்டியிருக்கிறது. திகதி கேட்டால் "நல்லூர்க் கொடியேறி நாலாம் நாள்" என்பார்கள். அது துல்லியமான பதில், ஆனால் நாட்காட்டியில் தேடிப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து பேசி வளர்ந்த பிள்ளை அதிகாரியின் கண்ணைப் பார்க்காது. எதிரே இருப்பவர் இதையெல்லாம் பொய்க்கு அடையாளம் என்று எடுக்கலாம், அல்லது இன்னும் ஒரு கேள்வி கேட்கலாம். அந்த ஒரு கேள்வியில் ஒருவரின் உயிர் இருக்கிறது. நான் சொந்தமாக விளக்கம் சொல்ல முடியாது, சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதான் என் வேலை. பல இரவு அதை நினைத்துத் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

1985 வரை முடிவெடுப்பவர் முன்னால் இப்படி நேரே உட்கார்ந்து பேசவே பல அகதிகளுக்கு வழியில்லை, முடிவெல்லாம் கடதாசியில்தான். ஒருவர் சொல்வது உண்மையா என்பதில் கேஸ் தங்கியிருந்தால் அவரை நேரில் கேட்க வேண்டும் என்று சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இது மாறியது. நேரில் கேட்டும் எல்லாம் சரியாகிவிடவில்லை. யோர்க் பல்கலைக்கழகத்தில் ஷான் ரேஹாக் என்ற சட்டப் பேராசிரியர், அகதி வழக்குகளில் முடிவெடுக்கும் வாரியத்தின் எந்த உறுப்பினர் எத்தனை பேரை ஏற்றார் என்று வருடாவருடம் கணக்கெடுத்து வெளியிடுகிறார். எந்த நாட்டுக்காரர்கள் என்பதைக் கணக்கில் சேர்த்த பிறகும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருக்கிறது. யார் மேசைக்குக் கோப்பு போகிறது என்பது ஒருவரின் வாழ்க்கையை முடிவு செய்யக்கூடாது. இதை நான் சகித்துக்கொள்ளவே மாட்டேன்.

நம்முடைய வடக்கிலிருந்து வந்த ஒரு பையனின் கேஸும் 2015இல் உச்ச நீதிமன்றம் வரை போனது, கந்தசாமி வழக்கு. அவனுக்கு மனப்பாதிப்பு இருப்பதாக மருத்துவ அறிக்கை சொன்னது. அதை அதிகாரி ஏற்றுக்கொண்டார். பிறகு, இலங்கையில் சிகிச்சை கிடைக்காது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு மறுத்துவிட்டார். அந்த மறுப்பும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

சரி, மகளின் விஷயம். ஒப்புதல் படிவம் அனுப்புகிறேன், அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். 5 டாலர் கட்டணம், நானே கட்டுகிறேன். குறிப்பு வந்ததும் தெரிந்த ஒரு லோயரிடம் காட்டுவோம். வெளிநாட்டில் எடுத்த முடிவென்றால் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள்தான். போனாலும் நீதிபதி முதலில் அனுமதி தர வேண்டும். வென்றாலும் விசா கையில் வராது, பெரும்பாலும் வேறு அதிகாரி மறுபடி பார்ப்பார். குறிப்பில் இருப்பது பணக் கணக்கோ படிப்புத் திட்டமோ என்றால், அதைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிப்பதுதான் சுருக்கமான வழி. அப்படியானால் கடிதத்தை நானும் அவளும் சேர்ந்து எழுதுகிறோம்.

மறுப்பு கையில் கிடைத்த திகதியை உடனே எனக்கு எழுது. நீ கடிதத்தில் போடவில்லை. அந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

அன்புடன்,
உன் சிநேகிதி