கொடி இல்லாத ஊரில் சர்க்கரைவள்ளி

மாங்கரே, ஆக்லாந்து
நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். சிரிக்காதீர்கள், இரண்டு சனிக்கிழமையாக மண்வெட்டி பிடிக்கிறேன். ஊரில் வயல் பக்கம் எட்டிப் பார்க்காதவன், இங்கே நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தோட்டத்தில் கிழங்கு நடுகிறேன். அவர்களுடைய ஊர்ப் பொதுமன்றத்துக்கு மராய் என்று பெயர். அதன் பின்புறம்தான் தோட்டம். விளைவது விற்பனைக்கு இல்லை, மன்றத்து அடுப்புக்கும் தேவைப்படும் வீடுகளுக்கும்.

சர்க்கரைவள்ளியைக் கூமரா என்கிறார்கள். நான் பெரிய விவசாயி மகன் மாதிரி, "கொடியை வெட்டி நட்டால் போதுமே" என்றேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மா (எல்லோரும் ஃபையா என்றுதான் கூப்பிடுகிறோம்) "எந்தக் கொடி? குளிரில் கருகிப் போனதா?" என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

வெப்பத் தீவுகளிலிருந்து ஓடத்தில் இந்தக் கிழங்கைக் கொண்டுவந்த அவர்களின் முன்னோருக்கும் இதே சிக்கல். குளிர்காலம் முழுக்கக் கிழங்கையே உயிரோடு காப்பாற்றினால்தான் மறு வருஷம் பயிர். அதற்காக மண்ணில் குழி வெட்டி, மேலே கூரை போட்டு, ஈரம் இறங்காமல் அடுக்கி வைத்தார்கள். கீறல் பட்ட கிழங்கு உள்ளே போகக் கூடாது. ஒன்று அழுகினால் எல்லாம் போச்சு. வசந்தத்தில் அதை மண்படுக்கையில் புதைத்து, முளைக்கும் நாற்றைப் பிய்த்து நடுகிறோம், வேர் நுனியை வளைத்து, கிழக்கே பார்த்து.

பக்கத்திலேயே ஓட்டுவாட்டாவா என்று ஒரு கல்வெளி இருக்கிறது. எரிமலைக் கற்களைக் குவித்து அதன் நடுவே பயிர் செய்திருக்கிறார்கள். பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மண்ணுக்குக் கொடுக்கும். வைக்காட்டோ ஆற்றுப் பக்கம் குழி தோண்டி மணலும் சரளையும் எடுத்து வயலில் கலந்தார்களாம். நம் ஊரில் வண்டல் அடிப்பீர்களே, இங்கே சரளை அடித்திருக்கிறார்கள்!

நாள் பார்ப்பதும் உண்டு. ஒவ்வொரு இரவுக்கும் ஒரு பெயர் வைத்த நிலா நாள்காட்டி. அமாவாசைக்கு ஃபிரோ என்று பெயர், அன்று நடவு கிடையாது. நீங்கள் அமாவாசையில் ஏர் பூட்ட மாட்டீர்கள் என்றேன். ஃபையாவுக்கு உங்களை ரொம்பப் பிடித்துவிட்டது. பௌர்ணமி நடவுக்கு நல்ல நாள், அன்றுதான் நட்டோம்.

சாப்பாட்டுக்கு அவர்கள் மொழியில் 'கை' என்று பெயர். அம்மாவிடம் சொல்லுங்கள், சிரிப்பாள்.

மார்ச்சில் அறுவடை. அதற்குள் ஃபையா ஒன்று கேட்டார்: நம் ஊரில் கொடி நடும்போது எத்தனை கணு மண்ணுக்குள் போக வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
செல்வம்