சேற்றை அள்ளுவதற்கு முன்னால் அளவெடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ராயபுரம், தண்டையார்பேட்டை, திரு.வி.க. நகர் மண்டலங்களில் மழைநீர் வடிகால்களைத் தூர்வாருவது ஆண்டுதோறும் நடக்கிறது. தூர்வாரிய தெருவிலேயே தண்ணீர் நிற்கிறதென்றால், முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியது, அள்ளிய சேற்றின் அளவைப் பொறியாளர் எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தை. அலுவலகங்களில் 'எம்-புக்' என்பார்கள். பில் போடுவது அதை வைத்துத்தான்.

100 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலமுள்ள வடிகாலில் 30 செ.மீ. சேறு இருந்தால் 27 கனமீட்டர். அதையே 60 செ.மீ. என்று எழுதினால் 54 கனமீட்டர், தொகை இரட்டிப்பு. அள்ளி முடித்த பிறகு முன்பு எவ்வளவு இருந்தது என்று யாராலும் காட்ட முடியாது. ஆகவே அள்ளுவதற்கு முன்பே ஒவ்வொரு மேன்ஹோலிலும் மூடியைத் திறந்து அளவெடுத்து, தேதியுடன் மையால் எழுதி, பொறியாளரும் ஒப்பந்ததாரரும் கையெழுத்திட வேண்டும். அளவுகோலின் அடியில் தட்டையான தகடு இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கோல் சகதிக்குள் இறங்கி ஆழம் தப்பாகக் காட்டும். அள்ளிய பின் அதே இடங்களில் மறுபடி அளக்க வேண்டும். மேலதிகாரி செய்யும் மறு அளவு மேசையில் உட்கார்ந்து போடும் கையெழுத்தாகிவிடக் கூடாது.

எடை போட்டுப் பணம் கொடுப்பதிலும் கவனம் தேவை. ஈரச் சேற்றில் பாதி தண்ணீர்தான். வடியட்டும் என்று ஓரத்தில் குவித்து நாள்கணக்கில் விட்டுவிட்டாலோ, ஒரே மழையில் அத்தனையும் திரும்ப உள்ளே போய்விடும். குவியலை எத்தனை நாளில் அகற்ற வேண்டும் என்பதையும், காலி லாரியின் எடைச் சீட்டு இல்லாமல் பில் ஏற்கப்படாது என்பதையும் டெண்டரிலேயே எழுதிவிட வேண்டும்.

இவையெல்லாம் பொறியாளர்களுக்குத் தெரியாதவை அல்ல. கூட்டிக் கேட்டாலும் உள்ள அளவை மட்டுமே எழுதும் நேர்மையான உதவிப் பொறியாளர் பணி பாதியில் இருக்கும்போதே மாற்றப்பட்டால், அடுத்து வருபவர் கேட்ட அளவை எழுதிக்கொடுத்துவிட்டுப் போவார். முதல் அளவெடுத்தவரே கடைசி அளவையும் எடுக்கும் வரை அவரை மாற்றக் கூடாது. தவிர்க்க முடியாமல் மாற்றினால், போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து அளந்து ஒப்படைக்க வேண்டும். மாமன்ற உறுப்பினர் எந்தத் தெருவில் வேலை தேவை என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். எந்த ஒப்பந்ததாரர், எவ்வளவு பில் என்பதில் அவருக்கு வேலையில்லை. தமக்கோ உறவினருக்கோ தொடர்புள்ள பணியென்றால் அதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து விலகியிருப்பதுதான் முறை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி பொதுப் பணிகளை நேரில் பார்வையிடவும், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் மழை வந்துவிடும். கேட்காமலே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவு. அதன்படி ஒவ்வொரு வார்டிலும் முன் அளவு, பின் அளவு, புகைப்படம், எடைச் சீட்டு ஆகியவற்றைத் தமிழில் வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டட்டும். உள்ளாட்சி தினமான நவம்பர் 1 வரை காத்திருக்காமல், செப்டம்பரிலேயே பகுதி சபையை, அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் கூட்டத்தை, கூட்டி அவற்றைப் படித்துக் காட்டிய பிறகே பில்லை அனுமதிக்குமாறு மாநகராட்சி ஆணையரைக் கேட்டுக்கொள்கிறோம்.

வாசகர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.