துணிக்கொடிக்கு இல்லாத தடை ஆன்டெனா கம்பிக்கு எதற்கு?

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அமெச்சூர் ரேடியோ (பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோ) உரிமம் வைத்திருப்பவர் மொட்டை மாடியில் ஆன்டெனா கட்ட அனுமதி கேட்டால், "டவரெல்லாம் வைக்க முடியாது சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. நாங்கள் டவர் கேட்கவில்லை. நீளம் 20 மீட்டர், ஒற்றைக் கம்பி. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் அதே 1 சதுர மி.மீ. பிவிசி வயர். பக்கத்திலேயே ஓடும் துணிக்கொடி இதைவிடத் தடிமன், அதற்கு யாரும் பொதுக்குழுவைக் கூட்டியதில்லை.

அந்தக் கம்பியில் ஏறும் ஆற்றல் 5 வாட்ஸ், அலைவரிசை 7 மெகாஹெர்ட்ஸ். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தரும் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமத்துக்கு 50 வாட்ஸ் வரையும், ஜெனரல் கிரேடுக்கு 400 வாட்ஸ் வரையும் அனுமதி உண்டு. மோர்ஸுக்கு 5, குரலுக்கு 10 வாட்ஸ் என்று தாங்களே வரம்பு போட்டுக்கொண்டு இயங்குவதைத்தான் கியூஆர்பி என்கிறோம். 100 வாட்ஸிலிருந்து 5 வாட்ஸுக்கு இறங்கினால் எதிர்முனையில் குறைவது 13 டெசிபல், அதாவது சமிக்ஞை வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் இரண்டு படிக்குச் சற்று மேல். பேண்ட் திறந்திருக்கும்போது, அதாவது அலை தொலைதூரம் எட்டும் நேரத்தில், இது பெரிய நஷ்டமே இல்லை. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகைக் கருவிகள் இந்த அளவு ஆற்றலில்தான் உலகம் முழுக்கப் பேசுகின்றன.

உங்கள் குழுவில் எலக்ட்ரிக்கல் தெரிந்த ஒருவராவது இருப்பார். அவர் சரிபார்க்கட்டும் என்பதற்காகவே கீழே அளவுகளைச் சொல்கிறோம்.

படிக்கட்டு ஹெட்ரூமின் மேல் மூலையிலிருந்து எதிர்க் கைப்பிடிச் சுவரில் நிறுத்திய பிவிசி பைப் வரை கம்பி போகும். இரு முனையிலும் நைலான் கயிறு. மாடித் தரையிலிருந்து குறைந்தது 2.5 மீட்டர் உயரம் வேண்டும். கை எட்டக் கூடாது என்பதற்கு உண்மையான காரணம் இருக்கிறது: இது முனையில் ஊட்டும் அரை அலை ஆன்டெனா, அதாவது அலைநீளத்தில் பாதி நீளக் கம்பிக்கு ஒரு முனையில் ஆற்றலைக் கொடுப்பது. ஊட்டும் முனையில் மின்மறுப்பு 2,500 ஓம் அளவுக்கு இருக்கும். 5 வாட்ஸுக்கே அங்கே 110 வோல்ட்டுக்கு மேல் ரேடியோ அலைவரிசை மின்னழுத்தம் நிற்கும், மறுமுனையிலும் அழுத்தம் உச்சம்தான். வெறும் கம்பியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று சுடலாம். இன்சுலேஷன் உள்ள வயர் கேட்பதும், முனைகளை டேப் சுற்றி மூடுவதும் அதனால்தான்.

அந்த 2,500 ஓமை 50 ஓமுக்கு இறக்க, ஊட்டும் முனையில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி இருக்கும். உள்ளே எஃப்டி 140-43 ஃபெரைட் வளையம், 22 கேஜ் எனாமல் கம்பியில் 2 சுற்றுக்கு 14 சுற்று, முதல் சுருளுக்குக் குறுக்கே 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர். சொதப்பல் நடப்பது பெரும்பாலும் வளையத்தில். பழைய கம்ப்யூட்டர் சப்ளையில் கழற்றிய மஞ்சள் வளையத்தைப் போட்டால் அது ஃபெரைட்டே அல்ல, இரும்புத்தூள். ஆற்றல் கம்பிக்குப் போகாமல் வளையத்தைச் சூடாக்கும். மாடிக்கு ஏற்றும் முன் மேசையிலேயே சோதிக்கலாம். இரண்டாம் சுருளில் 2.2 கிலோஓமும் 220 ஓமும் தொடராகக் கட்டி, நானோவிஎன்ஏ என்ற கையடக்க ஆன்டெனா அளவியில் எஸ்டபிள்யூஆர் (ஆற்றல் திரும்பி வராமல் எவ்வளவு பொருந்திப் போகிறது என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 7 மெகாஹெர்ட்ஸில் 1.5-க்குள் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

கம்பியை 20.5 மீட்டருக்கு வெட்டித் தொடங்க வேண்டும். இன்சுலேஷனும் பக்கத்து ஜி.ஐ. பைப்பும் ஒத்ததிர்வை, அதாவது கம்பி இயல்பாக இசையும் அலைவரிசையை, கீழே இழுக்கும். 10 செ.மீ. குறைத்தால் சுமார் 35 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும். அளவி 6.96 மெகாஹெர்ட்ஸ் காட்டினால் 7.10-க்கு வர 40 செ.மீ. எடுக்க வேண்டும். அதையும் ஒரே வெட்டாக வெட்டாமல், பாதிப் பாதியாக. வெட்டிய கம்பி வளராது.

இனி உங்கள் கவலைகளுக்கு வருவோம். டிடிஹெச் டிஷ்ஷிலிருந்து டிவிக்கு வரும் சமிக்ஞை 950 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, நாங்கள் 7-இல். ஃபைபர் இணையத்தில் ஓடுவது ஒளி. ரேடியோ அதைத் தொடாது. தொந்தரவு வரக்கூடிய இடங்கள் மூன்று: தொலைபேசிச் செம்புக் கம்பியில் வரும் பழைய பிராட்பேண்ட், நீள வயர் இழுத்த இன்டர்காம், கவசமில்லாத கேபிளில் ஓடும் சிசிடிவி. வரவே வராது என்று உறுதி தருபவரை நம்ப வேண்டாம்.

வந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான். இந்த ஆன்டெனாவுக்கு, கம்பியின் மின்னோட்டத்துக்கு ஈடுகொடுக்கும் மறுபாதி கிடையாது. அதனால் பெட்டியிலிருந்து கருவிக்குக் கீழே இறங்கும் கோஆக்ஸ் கேபிளின் (டிஷ் வயர் போன்ற கவசக் கேபிள்) வெளிக்கவசமே மறுபாதியாகிவிடும். லிஃப்ட் ஷாஃப்டை ஒட்டி இன்டர்காம் வயரோடு சேர்த்துக் கட்டிய கோஆக்ஸ் என்றால், ஆன்டெனா மாடியில் இல்லை, உங்கள் ஷாஃப்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். பெட்டியிலிருந்து 2 மீட்டர் தள்ளி, எஃப்டி 240-43 வளையத்தில் ஆர்ஜி-58 கேபிளை 10 முதல் 12 சுற்று சுற்றி ஒரு சோக் போட்டால் அந்த மின்னோட்டம் அங்கேயே தடைபடும். முதல் 2 மீட்டர் மட்டும் மறுபாதியாக வேலை செய்யும். பெட்டியை ஒட்டியே சோக்கை மாட்டினால் ஆன்டெனா டியூன் ஆகாமல் தத்தளிக்கும். அனுமதி தரும்போது "சோக் எங்கே?" என்ற ஒரு கேள்வியை நீங்கள் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உடல்நலம் பற்றியும் கேட்கிறார்கள். காதில் ஒட்டிப் பேசிய 2ஜி மொபைலின் உச்ச ஆற்றல் 2 வாட்ஸ். இங்கே 5 வாட்ஸ், பல மீட்டர் தள்ளி, பேசும் நேரம் மட்டும்.

ஒரு ஞாயிறு காலை சோதித்துப் பாருங்கள். டபிள்யூஎஸ்பிஆர் என்ற, குறைந்த ஆற்றல் சமிக்ஞை எங்கெல்லாம் எட்டுகிறது என்று பார்க்கும் முறை இதற்குத் தோதானது. பல்சார் ஆய்வுக்காக 1993-இல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் உருவாக்கியது. ஒவ்வொரு ஒலிபரப்பும் இரட்டைப்படை நிமிடத்தில் தொடங்கி 1 நிமிடம் 51 விநாடி ஓடும். 10.00, 10.10, 10.20 என்று மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். லிஃப்ட் பக்கம் ஒருவர், சிசிடிவி திரை முன் ஒருவர், கையில் கடிகாரம். 10.13-க்குத் திரை நடுங்கினால் அது நாங்கள் இல்லை. பிறகு பத்து நிமிடம் குரலிலும் அனுப்பச் சொல்லுங்கள். இன்டர்காமில் கரகரவென்று கேட்பது குரலில்தான் வெளிப்படும், சீரான டோனில் தெரியாது.

உண்மையில் தொந்தரவு அதிகம் வருவது எதிர்த்திசையில். மலிவு எல்இடி டிரைவர்கள், சோலார் இன்வெர்ட்டர், லிஃப்ட் மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் 7 மெகாஹெர்ட்ஸை இரைச்சலால் நிரப்புகின்றன. கருவியை 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை இறக்கி, எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றினால் எந்த விளக்கு குற்றவாளி என்று எஸ் மீட்டரே காட்டிக்கொடுக்கும். சொந்த வீட்டில் மாற்றிவிடலாம். படிக்கட்டு விளக்குகளை மொத்தமாக மாற்றும்போது, உள்ளே வடிகட்டி உள்ள டிரைவரா என்று கேட்டு வாங்குங்கள் என்பதே எங்கள் சிறு விண்ணப்பம்.

மின்னல் விஷயத்தில் விட்டுக்கொடுப்பு கூடாது. கம்பி தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்குக் கீழேயே இருக்க வேண்டும். இடி கேட்ட பிறகு மாடிக்கு ஓடுவது ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் பயன்படுத்தாத நேரமெல்லாம் கோஆக்ஸை மாடிப் பெட்டியிலேயே கழற்றி வைக்க வேண்டும்; வீட்டுக்குள் பிளக்கைப் பிடுங்கிப் போடுவது மின்னலை வரவேற்பறைவரை கூட்டிவருவது. மின்வாரியக் கம்பி பக்கம் எந்த முனையும் போகக் கூடாது, அறுந்து விழுந்தாலும் அதன்மேல் விழாத தூரம் வேண்டும்.

2004 டிசம்பர் சுனாமியின்போது அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பியவர்களில், அப்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தின் அமெச்சூர் நிலையமும் உண்டு. அன்று ஓடிய கருவிகள் வேறு, ஆனால் கம்பி கட்டுவதும் டியூன் செய்வதும் அமைதியான நாட்களில் பழகினால்தான் வரும்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வையுங்கள். உரிம நகல் கேளுங்கள், ஆறு மாதத் தற்காலிக அனுமதி தாருங்கள், சோதனை நாளைக் குறியுங்கள். தொந்தரவு நிரூபணமானால் சரிசெய்யும்வரை ஒலிபரப்பை நிறுத்துவதாக எழுதித் தருகிறோம். அன்றைக்கு லிஃப்ட் பராமரிப்பவரையும் வரச் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள் சிலர்
சென்னை