எமது வாசிகசாலைச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் போஷகர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்களைப் பற்றிப் பின்னால் வருகிறது.

தைப்பொங்கல், பாரதி நினைவு மாலை, சரஸ்வதி பூசை மூன்றும் வழமைபோல் நடந்தன. இரண்டு அலுமாரிகளுக்குக் கறையான் மருந்து அடித்தோம். செயற்குழு ஒன்பது தடவை கூட்டப்பட்டது. நாலு தடவை கோரம் இல்லை, அதாவது போதிய ஆட்கள் வரவில்லை.

இனி ‘நிலக்கரியும் காணியும்’ கலந்துரையாடல். வெள்ளவத்தை வாசிகசாலைக்கு நிலக்கரிச் சுரங்கம் என்னத்துக்கு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். இலங்கையில் அப்படியொரு சுரங்கம் இல்லைத்தான். ஆனால் பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கின் மேல் பழி விழுந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோக, அடுத்த சில நாட்கள் மின்வெட்டோடு இருந்தோம். அந்த 900 மெகாவாட் நிலையம் எரிப்பது முழுக்கக் கப்பலில் வரும் கரி. இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா என்று காலத்துக்குக் காலம் இடம் மாறும். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இறக்க முடியாதென்பதால் முன்கூட்டியே மலையாகக் குவித்து வைக்கிறார்கள். அந்த மலையைத் தோண்டி எடுத்த இடத்தில் யாருடைய காணி இருந்தது என்பதுதான் என் கேள்வி. மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு கேட்கக்கூடாத கேள்வியா இது?

முதல் கூட்டத்தில் இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலத்து ஹஸ்தேவ் ஆரண்ட் காட்டை எடுத்துக்கொண்டோம். ஏறக்குறைய 1,70,000 ஹெக்டேயர். கோண்டு, ஓராவோன் பழங்குடி மக்கள் அங்கே இலுப்பைப்பூ பொறுக்குகிறார்கள், பீடி இலை பறிக்கிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், காட்டோரம் சின்னதாக நெல் போடுகிறார்கள். திறந்தவெளிச் சுரங்கம் வந்தால் முதலில் மரம் போகும், பிறகு மேல்மண் மேடாகும், கிணறு வற்றும். வயலுக்குப் பத்திரம் இருந்தால் நட்டஈடு உண்டு. பூ பொறுக்கிய மரத்தடிக்கும் மாடு மேய்ந்த தரைக்கும் எவர் பேரில் பத்திரம்? காட்பர்ரா என்ற ஊருக்கு 2013இல் சமூக வன உரிமைப் பத்திரமே கொடுத்தார்கள். அதைக் காட்டிச் சுரங்க வேலையைத் தடுக்கிறார்கள் என்று 2016 ஜனவரியில் ரத்துச் செய்துவிட்டார்கள். 2021 ஒக்டோபரில் அப்பகுதி மக்கள் சுரங்கத்தை எதிர்த்து மாநிலத் தலைநகர் ராய்ப்பூருக்கு 300 கிலோமீற்றர் நடந்தார்கள்.

இதைச் சொன்னபோது ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் அக்கா ஒருவர் எழுந்து, “லயத்தில் நாலு தலைமுறை இருந்தோம் தம்பி, காணி உறுதி என்று ஒரு கடதாசி கண்டதில்லை. அந்தச் சனத்தின் கதை எங்களுக்கு விளங்கும்” என்றார். அதற்குமேல் என் குறிப்புகளை வாசிக்கத் தேவை இருக்கவில்லை.

நெய்வேலிக் கூட்டத்துக்கு உறுப்பினர் ஒருவர் சிதம்பரம் போய்வந்தபோது தன் உறவினரிடம் வாங்கிய பழுப்பு நிலக்கரிக் கட்டி ஒன்றைப் பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்தார். கையில் எடுத்தால் பாரமே இல்லை. மரத்தின் வரி அப்படியே தெரிந்தது. அங்கே கரிக்குக் கீழுள்ள நீர் அழுத்தத்தோடு நிற்பதால், அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் தோண்டலாம். சுற்றூர்க் கிணறுகள் ஆழம் போவதாக உழவர்கள் சொல்வது இதனால். 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்ட, நின்ற நெற்பயிருக்குள் இயந்திரத்தை இறக்கினார்கள். காணி எப்போதோ எடுத்தாயிற்று என்பது சுரங்க நிறுவனமான என்.எல்.சி.யின் பேச்சு. பயிர் நின்றதே என்பது மற்றவர் பேச்சு. எங்கள் கூட்டத்திலும் இரண்டு கட்சி இருந்தது, நல்லது.

சம்பூர்க் கூட்டம் எனக்கு மனவருத்தம். திருகோணமலை மாவட்டத்தில், 2006இல் யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களின் மண்ணில் அனல்மின் நிலையம் என்று திட்டமிட்டு, 2016இல் கைவிட்ட கதை. நம் மக்களின் கதை. வந்தவர்கள் ஒன்பது பேர், அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அன்று கிரிக்கெட் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். முதல் கூட்டத்துக்கு 23 பேர் வந்தபோதும் கிரிக்கெட் இருந்ததே?

படங்களைப் பெரிதாக்கி அச்சிட்ட செலவு பற்றிப் பொருளாளருக்குக் குறை உண்டு. பாதி என் கையிலிருந்து போனது. சொல்லிக்காட்ட அல்ல, பதிவுக்காக.

கணக்கறிக்கை அவரிடம் இருக்கிறது. சுருக்கமாக, கடன் இல்லை, கையிருப்பும் பெரிதாக இல்லை. 86 உறுப்பினரில் சந்தா கட்டியவர் 31 பேர். மூன்று வருடமாகக் கட்டாதவர்களே பத்திரிகை பிந்தி வருகிறது என்று முதலில் கோபிக்கிறார்கள்.

மண்டபம் தந்தவர்களுக்கும் தேத்தண்ணி, வடைக்குப் பொறுப்பாக இருந்த மகளிர் அணிக்கும் கணக்காய்வாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பதவிக்கு நான் நிற்பதாக இல்லை. வேறு எவரும் முன்வராவிட்டால் யோசிக்கலாம். இந்தோனேசியாவின் கலிமந்தான் பற்றிய உரை மிச்சம் இருக்கிறது. சமரிந்தாவைச் சுற்றி மூடாமல் விட்ட சுரங்கக் குழிகளில் பிள்ளைகள் மூழ்கியதை ஒருநாளாவது பேசவேண்டும். அதற்கு மண்டப வாடகை வேண்டும். நெய்வேலிக் கட்டி காய்ந்து தூளாகி என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, பார்க்க விரும்புவோர் வரலாம். ரசீதுப் புத்தகமும் அதே லாச்சியில்தான்.

செயலாளர்
வெள்ளவத்தை, கொழும்பு 6