எக்ஸ்சேஞ்ச் மேளா நடத்துற கார் ஷோரூம்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோயமுத்தூர்ல அவினாசி ரோட்டுலயும் மேட்டுப்பாளையம் ரோட்டுலயும் கண்ணாடி மாளிகையாட்டம் ஷோரூம் வெச்சிருக்கிற அண்ணன்மாருக்கும், டை கட்டிட்டு வாசலுக்கே வந்து "வாங்க சார், காபியா டீயா"ன்னு கேக்கற தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கமுங்க.

நான் யாருன்னு சொல்லிர்றேன். 2006 மாடல் சேன்ட்ரோ ஸிங் வெச்சிருக்கறவன். எங்கப்பா ரிட்டயர்டு ஆன காசுல வாங்குனது, அவர் போயி ஒம்பது வருஷம் ஆச்சு, வண்டி மட்டும் இன்னும் போர்டிகோவுல நிக்குது. 2021-ல 15 வருஷம் முடிஞ்சு ஆர்சி ரினீவல் பண்ணுனேன், அப்ப 600 ரூபாதான் ஃபீஸு, இப்ப அடுத்த அஞ்சு வருஷத்துக்குப் போனா 20 வருஷம் தாண்டுன காருக்கு 10,000 ரூபாங்கறாங்க (2025 ஆகஸ்ட்ல ஏத்துனது), அதுக்கு மேல பசுமை வரி, எஃப்சிக்கு முன்னாடி டின்கரிங், டச்சப், எல்லாம் தனி. சரி இத்தனை செலவு பண்றதுக்கு புது வண்டியே பாத்துரலாம்னு மூணு வாரமா சனிக்கிழமை சனிக்கிழமை உங்க ஷோரூம் படியேறி எறங்கிட்டு இருக்கேன். நாலு ஷோரூம் பாத்தாச்சு. யார் பேரையும் இங்க போடல, ஏன்னா நாலு பேரும் ஒரே பாட்டத்தான் பாடுனாங்க.

அந்தப் பாட்டு என்னன்னா, மைலேஜு. "சார் உங்க பழைய வண்டி 12 குடுக்கும், எங்க வண்டி 25 சார், பெட்ரோல் மிச்சத்துலயே ட்யூ கட்டிரலாம் சார்."

அண்ணா, நானும் ஒரு கணக்குப் பிள்ளைதானுங்க. ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். நீங்க சொன்னத அப்படியே விட்டுட்டு வர மனசு வரல, வீட்டுக்கு வந்து அம்மாவோட காலண்டர் பின்பக்கத்துல எழுதிப் பாத்தேன். மாசம் 600 கிலோமீட்டர் ஓட்டறேன், ஆபீஸு, மார்க்கெட்டு, மாசத்துல ஒருக்கா பொள்ளாச்சி. லிட்டருக்கு 12 ஓடுனா 50 லிட்டர். நீங்க சொன்ன 25-ஐயே வெச்சுக்குவோம், 24 லிட்டர். மிச்சம் 26 லிட்டர், லிட்டர் 101 ரூபான்னு போட்டா ரெண்டாயிரத்து அறுநூறு ரூபா. நீங்க காட்டுன ட்யூ எவ்ளோ? ஆறு லட்சம் லோனு, ஒம்பதர வட்டி, அஞ்சு வருஷம், மாசம் 12,600. மீதி பத்தாயிரத்த யாருங்ணா கட்டறது, பெட்ரோல் பங்க்காரரா?

அதுவும் 25 வந்தாத்தான். அந்த நம்பர் எப்பிடி வருதுன்னு உங்கள்ல ஒரு தம்பிகிட்ட கேட்டேன், "ஏஆர்ஏஐ சர்டிஃபைடு சார்"னு நிறுத்திக்கிட்டாரு (வண்டிகள டெஸ்ட் பண்ணி சான்று குடுக்கற அமைப்பு அது). சர்டிஃபிகேட்டு உண்மைதான், நான் இல்லைங்கல. ஆனா அந்த டெஸ்டு ரோட்டுலயா நடக்குது? லேபுக்குள்ள உருளை மேல சக்கரத்த வெச்சு, ஏசிய ஆஃப் பண்ணி, எழுதி வெச்ச மாதிரியே ஏத்தி எறக்கி, உச்ச வேகம் மணிக்கு 90 தாண்டாம ஓட்டிப் பாக்கறது. காந்திபுரம் சிக்னல்ல சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏசியப் போட்டுட்டு நிக்கறதுக்கெல்லாம் அதுல எடமில்ல. ஒரு வண்டியையும் இன்னொரு வண்டியையும் ஒப்பிட்டுப் பாக்கத்தான் அந்த நம்பர், என் வீட்டு பட்ஜெட் போடறதுக்கில்ல. எங்க ஆபீஸ்ல அதே மாடல் வெச்சிருக்கிற ஒருத்தர் ஃபுல் டேங்க் அடிச்சு, ட்ரிப் மீட்டர சைபர் பண்ணி, திரும்ப ஃபுல் டேங்க் அடிச்சு, இப்பிடி மூணு தடவ பாத்திருக்காரு, ஊருக்குள்ள 18 வருதாம். 18-ன்னா என் மிச்சம் மாசம் ஆயிரத்து எழுநூறு, வருஷத்துக்கு இருபதாயிரம். ஆன் ரோடு எட்டு லட்சம், என் வண்டிக்கு நீங்க போட்ட 70,000 போக ஏழு லட்சத்து முப்பதாயிரம். இருபதாயிரத்தால வகுத்தா 36 வருஷமுங்க. எனக்கு இப்ப வயசு 47.

இங்கதான் எனக்கே ஒரு விசயம் புரிஞ்சுது, இத்தன வருஷம் கணக்கு எழுதியும் கவனிக்கல. லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர் கூடுதல்னு சொன்னா எல்லா எடத்துலயும் அது ஒரே அஞ்சு கெடையாது. என் 600 கிலோமீட்டருக்கு 10 குடுக்கற வண்டியிலிருந்து 15 குடுக்கறதுக்கு மாறுனா 60 லிட்டர் 40 ஆகும், மிச்சம் இருபது. 20-லிருந்து 25-க்கு மாறுனா 30 லிட்டர் 24 ஆகும், மிச்சம் ஆறே ஆறு. அதே அஞ்சுதான்! அதனாலதான் யூரோப்புல நூறு கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர் குடிக்குதுன்னு தலைகீழா போடறாங்க போல, அது நேரா பர்ஸுல போயி நிக்கும். நீங்க என்னடான்னா 22 குடுக்கற வேரியண்டுலருந்து 25 குடுக்கற வேரியண்டுக்குப் போங்க சார், எழுபதாயிரந்தான் கூடன்னு தள்ளறீங்க. அந்த மூணு கிலோமீட்டருக்கு எனக்கு மாசம் மூணே கால் லிட்டர்தான் மிச்சம், உங்களுக்கு இது தெரியாதுன்னு நான் நெனைக்கல.

ஞாயம்னா ஞாயம் பேசணும். என் மச்சான் மெடிக்கல் ரெப்பு, ஈரோடு, கரூர், தாராபுரம்னு மாசம் 2,500 கிலோமீட்டர் ஓட்டறான். அவன் 12-லிருந்து 18-க்குப் போனா மாசம் ஏழாயிரம் ரூபா மிச்சம், ட்யூவுல பாதிக்கு மேல வந்துரும். அவன்கிட்ட மைலேஜ் பாட்டு பாடுங்க, தப்பே இல்ல. ஷோரூமுக்குள்ள வர்றவங்ககிட்ட "மாசம் எத்தன கிலோமீட்டர் ஓட்டறீங்க"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் பேச்ச ஆரம்பிங்கன்னுதான் சொல்றேன். நாலு ஷோரூம்ல ஒருத்தர் கூட கேக்கல. என்ன கலர் புடிக்கும்னு மட்டும் நாலு பேரும் கேட்டாங்க.

இ20 பெட்ரோல (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வெச்சு பயங்காட்டறதையும் சொல்லணும். "சார் இப்ப பங்க்ல வர்றது எல்லாம் எத்தனால் கலந்தது, உங்க எஞ்சின் ஒரு வருஷம் தாங்காது." எத்தனால்ல பெட்ரோல விட சக்தி மூணுல ஒரு பங்கு கம்மி, அதனால மைலேஜ் கொறையறது நெசம். நிதி ஆயோக் 2021-ல போட்ட அறிக்கையிலயே பழைய டிசைன் கார்களுக்கு 6-லிருந்து 7 சதவீதம் வரைக்கும் கொறையும்னு எழுதியிருக்கு. 12 குடுத்தது பதினொன்னே கால் குடுக்கும். ரப்பர் ஹோஸ் பழசாயிருந்தா மாத்தணும், எங்க மெக்கானிக் மாத்திட்டாரு. அதுக்கும் எஞ்சின் வெடிச்சுப் போறதுக்கும் நடுவுல ரொம்ப தூரம் இருக்குதுங்க. இதே எத்தனால உங்க புது வண்டிக்கும்தான் ஊத்தப்போறேன், அதுக்கு எவ்ளோ கொறையும்னு கேட்டா மட்டும் மேனேஜரக் கூப்புடறீங்க.

இனி எக்ஸ்சேஞ்ச் போனஸ். மொத ஷோரூம்ல எவாலுவேட்டர் வந்து வண்டியச் சுத்தி ரெண்டு தடவ நடந்தாரு, டயர ஒதைச்சாரு (ஏன் எல்லாரும் டயர ஒதைக்கறாங்கன்னு தெரியல), டிக்கிய தொறந்து மூடிட்டு 45,000-ன்னாரு. மேல 25,000 எக்ஸ்சேஞ்ச் போனஸு, ஆக 70,000, "ஆஃபர் இந்த மாசத்தோட முடியுது சார்." சாயங்காலம் எங்க தெருமுனை புரோக்கர் ஒருத்தர்கிட்ட காட்டுனேன், அவரு எந்த ஆஃபரும் இல்லாம 72,000-ன்னாரு. அப்ப நீங்க குடுத்த போனஸு யார் காசுங்ணா? என் வண்டி விலையிலருந்தே உருவி, அதுக்கு ஒரு ரிப்பன் கட்டி, எனக்கே பரிசா குடுக்கறீங்க. அந்தப் பக்கம் புது வண்டிக்கு ஹேண்ட்லிங் சார்ஜு, அக்சஸரீஸ் கிட்டு, நீங்களே புடிச்ச கம்பெனியில இன்ஷூரன்ஸு. கடைசியில எல்லாத்தையும் ஒண்ணா கலக்கி "டிஃபரன்ஸ் இவ்ளோதான் சார்"னு ஒத்த நம்பர் சொல்றீங்க பாருங்க, அந்த ஒத்த நம்பர்லதான் எல்லாம் ஒளிஞ்சிருக்கு. 2025 செப்டம்பர் 22-லருந்து சின்ன காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆச்சு, முன்னாடி செஸ்ஸோட சேத்து 29. அந்தக் கொறைப்பு எனக்கு முழுசா வந்துச்சா, இல்ல டிஸ்கவுண்ட சுருட்டி அதுலயே சரிக்கட்டிட்டீங்களான்னு அந்த ஒத்த நம்பர வெச்சு எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது.

அதவிடப் பெரிய விசயம் ஒண்ணு இருக்கு. பழைய வண்டிய உங்ககிட்ட விட்டுட்டு வந்த பொறகு அது எங்க போகுது?

எங்க பெரியம்மா மகன் ரெண்டு வருஷத்துக்கு முன்ன இப்பிடித்தான் ஒரு எடத்துல எக்ஸ்சேஞ்சு குடுத்தான். ஆர்சியில பேரு மாத்தறதுக்கான ஃபார்ம் 29, 30-ல தேதி போடாம வெறுங்கையெழுத்து வாங்கிட்டாங்க. புது வண்டிக்கு மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுத்து அனுப்புனாங்க, அஞ்சு மாசம் கழிச்சு இவன் போனுக்கு மெசேஜ் வருது, விஜயமங்கலம் டோல்ல காசு எடுத்தாச்சுன்னு. ஃபாஸ்டேக்க கிழிக்க மறந்துட்டான், அது இவன் தப்பு, சரி. ஆனா அடுத்த மாசம் சேலத்துலருந்து ஓவர் ஸ்பீடு சலான் வந்துச்சு பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுது ஆர்சி இன்னும் இவன் பேர்லயேதான் இருக்குன்னு. ஷோரூம்ல கேட்டா புரோக்கருக்கு குடுத்துட்டோம்ங்கறாங்க, புரோக்கர் கைமாத்தி விட்டுட்டேங்கறாரு. சலான் ஆயிரமோ ரெண்டாயிரமோ கட்டித் தொலைச்சரலாம். அந்த வண்டி யார் மேலயாவது ஏறியிருந்தா? எத்தன கை மாறியிருந்தாலும் ஆர்சியில பேரு இருக்கறவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்புன்னு சுப்ரீம் கோர்ட்டே 2018-ல ஒரு கேஸ்ல சொல்லிருச்சுங்க.

இதுக்கு வழி இல்லாமயும் இல்ல. 2023 ஏப்ரல்லருந்து புது விதி இருக்கு, பழைய வண்டி வாங்கி விக்கற டீலர் ஆர்டிஓகிட்ட அங்கீகாரம் வாங்கணும், வண்டி கைக்கு வந்ததும் ஃபார்ம் 29சி போட்டு ஆன்லைன்ல தெரிவிக்கணும், அதுக்கப்புறம் வண்டிக்கு ஓனர் மாதிரி பொறுப்பு அந்த டீலருக்கு. நாலு ஷோரூம்லயும் நான் "29சி போடுவீங்களா"ன்னு கேட்டேன். ரெண்டு பேரு அப்பிடின்னா என்னன்னாங்க, ஒருத்தர் "அதெல்லாம் நம்ம ஆளு பாத்துக்குவாப்ல"ன்னாரு. நாலாவது ஷோரூம்ல ஒரு தங்கச்சி மட்டும் உள்ள போயி விசாரிச்சுட்டு வந்து, "இல்லைங்க சார், எங்ககிட்ட அந்த அங்கீகாரம் இல்ல, டெலிவரி நோட்டு மட்டுந்தான் தருவோம்"னு உள்ளத உள்ளபடி சொல்லுச்சு. நல்லா இருக்கோணும் அந்தப் புள்ள.

உங்க பேனர்ல பச்சை இலை படம் வேற போட்டிருக்கீங்க, பழசக் குடுங்க, பூமியக் காப்பாத்துங்கன்னு. என் சேன்ட்ரோவ வாங்கி நீங்க புரோக்கருக்குத் தள்ளுனா அது தர்மபுரி பக்கமோ தேனி பக்கமோ இன்னும் அஞ்சு வருஷம் அதே 12-தான் ஓடும், அதே பொகையத்தான் விடும். என் ரோட்டுல பொக கொறைஞ்சு இன்னொருத்தர் ரோட்டுல கூடுச்சு, அவ்ளோதான். அமெரிக்காவுல 2009-ல இதே மாதிரி பழசக் குடுத்துட்டு மைலேஜ் வண்டி வாங்கற திட்டம் ஒண்ணு கவர்மெண்டே நடத்துச்சு, காருக்கு 3,500-லிருந்து 4,500 டாலர் வரைக்கும். பழைய வண்டி நம்ம கணக்குல லிட்டருக்கு ஏழரைக்குப் பக்கத்துல, அதுக்குள்ள குடுக்கறதா இருந்தாத்தான் சேத்துக்குவாங்க. ஷோரூம்காரரே ஆயில வடிச்சுட்டு எஞ்சினுக்குள்ள சோடியம் சிலிகேட் கரைசல ஊத்தி, அது எறுகி நிக்கற வரைக்கும் ஓட்டணும், அந்த எஞ்சின் திரும்ப ரோட்டுக்கே வரக்கூடாதுன்னு. நல்லா ஓடற எஞ்சினையும் சேத்துக் கொன்னாங்களேன்னு வயிறெரியுது, ஆனாலும் பழச ஒழிக்கறோம்னு சொன்னவங்க ஒழிச்சாங்க. நம்மூர்லயும் 2021-லருந்து ஸ்க்ராப்பேஜ் பாலிசி இருக்கு, அங்கீகாரம் வாங்குன ஸ்க்ராப் சென்டர்ல வண்டிய விட்டா டெபாசிட் சர்டிஃபிகேட் தருவாங்க, அதக் காட்டுனா புது வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் தள்ளுபடி, கம்பெனிங்களும் டிஸ்கவுண்ட் குடுக்கணும்னு அறிவுரை. இதப் பத்தி உங்க பேனர்ல ஒரு வரி இல்ல. பச்சை இலை மட்டும் இருக்கு.

இவ்ளோ பேசிட்டு ஏன் வண்டி மாத்தறேன்னு கேப்பீங்க. மாத்தத்தான் போறேன். மைலேஜுக்காக இல்லீங்க. என் வண்டியில ஏர்பேக் இல்ல, ஏபிஎஸ் இல்ல, அம்மாவுக்கு 74 வயசு, போன வருஷம் அன்னூர் ரோட்டுல ஒரு லாரி குறுக்க வந்தப்ப பிரேக் அடிச்சு வண்டி வழுக்கிட்டுப் போயி மைல்கல்லுக்கு ஒரு சாண் முன்னாடி நின்னுச்சு. அன்னைலருந்து அம்மா முன்சீட்டுல உக்காந்தா டேஷ்போர்டப் புடிச்சுட்டேதான் வருது. இதுக்கு மாசம் 12,600 குடுக்க நான் தயார், என்னமோ பெட்ரோல் மிச்சத்துல ஓசியில வண்டி வருதுன்னு மட்டும் சொல்லாதீங்க.

வர்ற சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்த நாலாவது ஷோரூமுக்குத்தான் வர்றேன். ரெண்டு பேப்பர் வேணும். ஒண்ணுல என் பழைய வண்டி விலை மட்டும், போனஸ் கீனஸ் கலக்காம, ஒப்பிட்டுப் பாக்கத்தான். இன்னொண்ணுல புது வண்டி விலை, வரி, இன்ஷூரன்ஸ், ஹேண்ட்லிங் எல்லாம் வரிவரியா. உங்க டெஸ்ட் டிரைவ் வண்டிக்கு டேங்க் டு டேங்க் கணக்கு எழுதி வெச்சிருந்தா அதையும் காட்டுங்க. பழைய வண்டிய உங்ககிட்ட விடல, ஆர்சி பேரு மாறுன பொறகு சாவிய வாங்கிக்கறேன்னு சொன்ன ஆள் ஒருத்தர் கெடைச்சிருக்காரு, அவர் 68,000 குடுத்தாலும் பரவால்ல.

ஃபாஸ்டேக்க நேத்தே கிழிச்சாச்சுங்க. கண்ணாடியில பசை மட்டும் போக மாட்டேங்குது, தேங்காண்ணெய் போட்டு தேய்ச்சுட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
டிஎன் 37 சேன்ட்ரோக்காரன்