விடியற்காலைக் கூட்டத்தைக் கைவிடுங்கள்: கடை நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் உள்ள நமது ஜவுளிக்கடையின் பில்லிங் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். கடையின் பெயரையும் என் பெயரையும் இங்கே எழுதவில்லை. எந்தச் சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்கும், உடன் வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும் தெரியும். இதை நேரில் இரண்டு முறை பணிவுடன் கேட்டுவிட்டேன். "முன்னேற விருப்பம் இல்லாதவர்கள் வேறு இடம் பார்க்கலாம்" என்று இரண்டு முறையும் ஒரே பதில் வந்தது. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

ஊழியர் கூட்டத்திற்கு நீங்கள் அழைத்து வந்த பேச்சாளர், வெற்றி பெற்றவர்கள் எல்லோரும் நான்கு மணி நேரமே உறங்குகிறார்கள் என்றும், உறக்கத்தைக் குறைக்கிற நிறுவனம்தான் வளரும் என்றும் ஒரு மணி நேரம் முழங்கினார். அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. தினமும் காலை 5.30 மணிக்கு அலைபேசியில் காணொளிக் கூட்டம், கேமரா அணையாமல் இருக்க வேண்டும், மாதத்தில் மூன்று நாள் தவறினால் இன்சென்டிவ் கிடையாது. அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எங்கள் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் எங்களோடு வேலை பார்க்கும் ஒரு தங்கையின் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். திருவட்டாருக்கு உள்ளே ஒரு சிற்றூரிலிருந்து வருபவள், வயது இருபத்து மூன்று. காலை ஒன்பதரைக்குக் கடைக்கு வந்தால், இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கி, கல்லாவை எண்ணி ஒப்படைக்க 9.50 ஆகிவிடும். ஓட்டமும் நடையுமாய்ப் போய்க் கடைசிப் பேருந்தைப் பிடிப்பாள். பார்வதிபுரம், தக்கலை என்று வண்டி நின்று நின்று போய், அவள் ஊர்ப் பாதையில் இறங்கும்போது பதினொன்றைத் தாண்டியிருக்கும். சாப்பிட்டுப் படுக்க நள்ளிரவு. மறுநாள் 4.45க்கு எழுந்து முகம் கழுவி, பொட்டு வைத்து, சீருடைச் சேலை கட்டிக்கொண்டு கேமரா முன்னால் உட்கார வேண்டும். அலைபேசி சமிக்ஞை வீட்டுக்குள் கிடைக்காததால், வாசலில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவாள். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு.

சென்ற மாதம் ஒரு நாள் இரவு அவள் பேருந்திலேயே உறங்கிவிட்டாள். தன் நிறுத்தம் கடந்துபோனது அவளுக்குத் தெரியவில்லை. குலசேகரத்தில் நடத்துநர் தட்டி எழுப்பியபோதுதான் கண் விழித்தாள். திரும்பி வரப் பேருந்து இல்லை, அலைபேசியில் சார்ஜ் இல்லை. நடத்துநர் நல்ல மனிதர். தன் அலைபேசியைக் கொடுத்து, அவளுடைய அப்பா ஒரு ஆட்டோ பிடித்து வந்து சேரும் வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறார். வீடு சேர்ந்தபோது மணி ஒன்றரை. மறுநாள் 5.30க்கு அவள் கூட்டத்தில் இருந்தாள். நடுவில் நான்கு நிமிடம் கேமரா அணைந்திருந்ததால் வருகை "பாதி" என்று குறிக்கப்பட்டது. அன்று மாலை ஒரு கல்யாண வீட்டார் வாங்கிய பட்டுக்கு 18,450 ரூபாய் அடிக்க வேண்டிய இடத்தில் 1,845 என்று அடித்தாள். அவர்கள் கையில் இருந்த மற்ற பைகளின் கணக்கோடு சேர்ந்து போனதால், கல்லா எண்ணும் வரை யாரும் கவனிக்கவில்லை. அந்த 16,605 ரூபாயை அவள் சம்பளத்தில் ஐந்து தவணையாகப் பிடிக்கப் போவதாக நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அவளிடம் உறக்கத்தை எடுத்துக்கொண்டீர்கள், உறக்கமின்மையால் வந்த நட்டத்தையும் அவளிடமே எடுத்துக்கொள்கிறீர்கள். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்று மரியாதையுடன், ஆனால் தெளிவாகச் சொல்லிக்கொள்கிறேன்.

உறக்கம் குறைந்தால் வேலை கூடும் என்று அந்தப் பேச்சாளர் சொன்னதற்கு எதிராகத்தான் ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 48 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2003 ஆம் ஆண்டு வெளியானது. இரண்டு வாரம் நாளுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனமும் நினைவும், இரண்டு இரவு வரை கண் மூடாமல் விழித்திருந்தவர்களின் நிலைக்கு இறங்கிவிட்டன. அதைவிட முக்கியமானது, தாங்கள் அவ்வளவு மங்கிப்போனதை அவர்களே உணரவில்லை என்பதுதான். எனக்கு நான்கு மணி நேரம் போதும் என்று ஒருவர் மேடையில் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கு இதுவே விடை. பிறப்பிலேயே மரபணு மாற்றத்தால் குறைந்த உறக்கம் போதுமானவர்கள் உலகில் உண்டு, ஆனால் மிகமிக அபூர்வம். நமது கடையின் மூன்று தளத்திலும் அப்படிப்பட்டவர்களே வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள் என்று நீங்கள் நம்ப மாட்டீர்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ வல்லுநர்கள் 2015 இல் கூடி அறிவித்தார்கள்.

இன்னொன்று, எனக்கு மிகுந்த அச்சத்தைத் தருவது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் செயல்திறனுக்குச் சமமாகக் குறைகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997 இல் காட்டினார்கள். நமது மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை 4.45க்கு எழுந்தவருக்குப் பதினேழு மணி நேரம் நிறைவது இரவு 9.45க்கு. சரியாக அந்த நேரத்தில்தான் நாங்கள் உங்கள் கல்லாவை எண்ணுகிறோம். அதற்குப் பிறகுதான் நமது ஆண் ஊழியர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு தக்கலைக்கும் மார்த்தாண்டத்திற்கும் நெடுஞ்சாலையில் போகிறார்கள். குடித்துவிட்டு வண்டியோட்டச் சொல்லி ஒரு முதலாளி எழுத்தில் உத்தரவிட்டால் ஊர் சும்மா இருக்குமா?

வியாபாரத்திற்காவது இதனால் லாபம் உண்டா என்றால் அதுவும் இல்லை. ஆறு மணி நேரத்திற்கும் குறைவாக உறங்குகிற ஊழியர், ஏழு முதல் ஒன்பது மணி நேரம் உறங்குகிறவரைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு வேலை நாட்களைக் கூடுதலாக இழக்கிறார் என்று ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2016 இல் ஐந்து நாடுகளை ஆராய்ந்து கணக்கிட்டது. விடுப்பு எடுப்பது மட்டுமல்ல, வேலைக்கு வந்தும் வேலை நடக்காமல் போவதும் அந்தக் கணக்கில் சேரும். நமது கடைக்குள்ளேயே சான்று வேண்டுமானால், பில் திருத்தப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். நான்தான் அதை எழுதி வருகிறேன். திருத்தங்களில் பெரும்பாலானவை இரவு எட்டு மணிக்குப் பிறகு நடந்தவை. சுற்றறிக்கை வந்த மாதத்திலிருந்து பக்கங்கள் வேகமாக நிறைகின்றன.

நம் முன்னோர் விடியலுக்கு முன் எழவில்லையா என்று ஃப்ளோர் மேனேஜர் கேட்டார். எழுந்தார்கள். என் அப்பா குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டினார். அதிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலையேறுவார். வெயில் ஏறுமுன் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும், அப்போது வெட்டினால்தான் சிரட்டையில் பால் நன்றாக இறங்கும் என்பதால் அந்த நேரம். ஆனால் என் அப்பா இரவு எட்டு மணிக்குப் பாயை விரித்துவிடுவார். பால் எடுத்து, ரப்பர் ஷீட் அடித்து, உச்சிக்கு வீடு வந்தால் மத்தியானமும் ஒரு மணி நேரம் கண் அசருவார். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் பாத்திரம் உருளும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. கொஞ்சம் உறக்கக் கலக்கம் இருந்தால் கத்தி ஆழமாக இறங்கி மரத்தின் பட்டை புண்ணாகிவிடும், அந்த மரம் பிறகு பல ஆண்டுகள் சரியாகப் பால் தராது என்பார். தோவாளையில் விடியுமுன் பூ விற்கிறவர்களையும், குளச்சலில் இருட்டோடு கடலுக்குப் போகிறவர்களையும் கேட்டுப் பாருங்கள். சீக்கிரம் எழுகிறவர்கள் சீக்கிரம் படுக்கிறார்கள், இல்லாவிட்டால் பகலில் உறங்கி ஈடு செய்கிறார்கள். இரவு பத்து மணி வரை வேலை வாங்கிவிட்டு விடியலில் எழுப்புவது இந்த மண்ணில் எந்தத் தொழிலாளிக்கும் வழக்கமாக இருந்ததில்லை.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்பது அதன் வரம்பு, அதற்கு மேல் என்றால் இரட்டிப்புக் கூலி. இடைவேளையும் சேர்த்து ஒருவருடைய வேலை நாள் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் நீளக் கூடாது. 5.30 கூட்டத்தில் தொடங்கி 9.50க்கு முடிகிற நாள் பதினாறு மணி நேரத்தைத் தாண்டுகிறது. வராவிட்டால் பணம் பிடிக்கப்படும் கூட்டத்தை "விருப்பப் பயிற்சி" என்று சுற்றறிக்கையில் எழுதியதால் அது வேலை நேரம் இல்லை என்று ஆகிவிடாது. கடைகளை 24 மணி நேரமும் திறக்க அனுமதித்த 2019 ஆம் ஆண்டு அரசாணையில்கூட, பெண் ஊழியர்களைச் சாதாரணமாக இரவு எட்டு மணிக்கு மேல் நிறுத்தக் கூடாது என்றும், எழுத்தில் ஒப்புதலும் பாதுகாப்பும் இருந்தால் மட்டுமே நிறுத்தலாம் என்றும் நிபந்தனை இருக்கிறது. எங்கள் யாரிடமும் ஒப்புதல் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கடைப் பெண்கள் உட்கார ஓர் இருக்கை கொடுங்கள் என்பதற்கே இந்த மாநிலத்தில் 2021 இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் நின்றுகொண்டே எங்கள் கால் நரம்புகள் புடைத்தன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. வாரம் 70 மணி நேரம் உழையுங்கள் என்று 2023 இல் ஒரு பெரிய தொழிலதிபர் சொன்னார். 2025 இல் இன்னொருவர் 90 மணி நேரம் என்றார். அவர்கள் வீட்டில் சோறு யார் பொங்குகிறார்கள், துணி யார் துவைக்கிறார்கள், பிள்ளையை யார் பள்ளி வண்டியில் ஏற்றுகிறார்கள்? காரின் பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொள்ள முடிந்தவர்கள், பேருந்துக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வருகிறவளுக்கு உழைப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள். அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ், எட்டு மணி நேரம் உறங்கினால்தான் தெளிவாக முடிவெடுக்க முடிகிறது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவரை நமது பேச்சாளர் தன் பட்டியலில் சேர்க்கவில்லை.

பேச்சு கடையைத் தாண்டிப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடையின் மீது எனக்கு வெறுப்பு இல்லை. என் கல்யாணச் சேலையை இங்கேதான் எடுத்தேன், என் மகனின் பள்ளிக் கட்டணம் இங்கே வாங்கும் சம்பளத்தில்தான் போகிறது. ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் காலங்களில் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கச் சொன்னபோது நாங்கள் யாரும் முகம் சுளித்ததில்லை, இனியும் சுளிக்க மாட்டோம். வியாபாரம் நடந்தால்தான் எங்களுக்கும் சோறு என்பது தெரியும்.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். விடியற்காலைக் கூட்டம் பற்றிய சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். சொல்ல வேண்டியது இருந்தால் கடை திறந்த பின், முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன் பத்து நிமிடம் சொல்லுங்கள், நாங்கள் கவனமாகக் கேட்போம். தொலைவிலிருந்து வரும் பெண்களை எட்டு மணிக்கு அனுப்ப ஒரு முறை வகுத்துத் தாருங்கள். அந்தத் தங்கையின் சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்துங்கள். இவற்றை ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டுப் பில் திருத்தப் பதிவேட்டை என்னிடம் கேளுங்கள், நானே உங்கள் மேசையில் கொண்டு வந்து வைக்கிறேன்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறும் செய்தியைத் தயவுசெய்து பகல் நேரத்தில் அறிவியுங்கள். இரவில் அலைபேசி ஒலித்தால் கடையிலிருந்து என்ன உத்தரவோ என்று எங்கள் வீட்டில் பிள்ளைகளும் விழித்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பில்லிங் பிரிவு ஊழியை,
நாகர்கோவில்.